ஜாடிக்குள் நடப்பது: வீட்டில் நொதித்த பானம் செய்யத் தொடங்குபவர்களுக்கு

கொம்புச்சா என்னும் புளித்த தேநீரின் செய்முறையில், ஒரு லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை என்று பார்த்ததும் கை தானாகப் பின்வாங்கும். உடம்புக்கு நல்லது என்றுதானே இதில் இறங்கினோம், இது என்ன சர்க்கரைப் பாகா என்று தோன்றும். நானும் முதல் தடவை அப்படி நினைத்துத்தான் நாலு டீஸ்பூனோடு நிறுத்திக்கொண்டேன். பத்து நாள் கழித்து ஜாடியைத் திறந்தால் புளிப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. கழுநீர் மாதிரி ஒரு திரவம், அதன் மேல் பச்சையாக ஒரு பொட்டு. அப்படியே கொட்ட வேண்டியதாயிற்று.

அந்தச் சர்க்கரை எனக்கானது இல்லை, ஜாடிக்குள் குடியிருப்பவர்களுக்கானது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவர்கள் தின்றுவிட்டுப் போட்ட மிச்சம்தான் நமக்கு வரும் பானம். சாப்பாடு போதாவிட்டால் வேலை நடக்காது. வேலை மந்தமானால் அந்த இடைவெளியில் வேண்டாதவர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். கொம்புச்சா, கெஃபிர் (பாலையோ சர்க்கரைத் தண்ணீரையோ மணிகள் போட்டுப் புளிக்க வைப்பது), இஞ்சி சோடா என்று பெயர்கள் பல இருந்தாலும் உள்ளே நடக்கும் காரியம் ஏறக்குறைய ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டால் செய்முறைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

யார் அந்தக் குடியிருப்பவர்கள்?

பால் ஏன் புளிக்கிறது என்பதற்கு நெடுங்காலம் சரியான விடை கிடையாது. அது உயிரற்ற பொருள்களுக்குள் நடக்கும் வெறும் ரசாயன மாற்றம் என்று பெரிய வேதியியல் அறிஞர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். லூயி பாஸ்டர் 1857இல், புளிப்புக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்று ஆய்வுக்கட்டுரை எழுதினார். நம் ஜாடியில் இருப்பவை அந்த உயிர்கள்தான். இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்று ஈஸ்ட். சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் வெளியே விடும். பானத்தில் நுரை, குமிழி, சுர்ரென்ற கடி எல்லாம் பெரும்பாலும் இதன் கைவேலை. இன்னொன்று அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா. இதிலும் இரண்டு வகை உண்டு. லாக்டிக் அமில பாக்டீரியா சர்க்கரையிலிருந்து நேராகப் புளிப்பைத் தரும், அதற்குக் காற்று தேவையில்லை. அசிட்டிக் அமில பாக்டீரியாவுக்குக் காற்று கட்டாயம் வேண்டும். அது ஈஸ்ட் விட்டுவைத்த ஆல்கஹாலை எடுத்து வினிகராக மாற்றும். கெஃபிரில் லாக்டிக் கூட்டம் ஓங்கியிருக்கும், கொம்புச்சாவில் அசிட்டிக் கூட்டம். ஜாடிக்குத் துணியால் வேடு கட்டுவதா, இறுக்கி மூடுவதா என்ற கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது. அசிட்டிக் பாக்டீரியா வேலை செய்ய வேண்டுமென்றால் துணி. வாயு உள்ளேயே அடைபட வேண்டுமென்றால் மூடி.

சரி, கண்டகண்ட கிருமியும் வளராமல் நமக்கு வேண்டியவை மட்டும் எப்படி வளர்கின்றன? காவல் காப்பது புளிப்பு. அமிலத்தன்மையை பிஎச் என்ற அளவில் சொல்வார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம், ஓர் எண் இறங்கினால் பத்து மடங்கு. சாதாரணத் தண்ணீர் 7. உணவுப் பாதுகாப்பில் அடிக்கடி அடிபடும் எண் 4.6. உயிருக்கே உலை வைக்கும் பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் பாக்டீரியா அதற்குக் கீழே வளராது. வயிற்றைக் கெடுக்கும் மற்ற பல கிருமிகளும் புளிப்பு ஏறஏற ஒடுங்கிவிடும். நன்றாகப் புளித்த கொம்புச்சாவின் பிஎச் 3ஐ ஒட்டியிருக்கும். பானம் அந்தப் பாதுகாப்பான எல்லைக்குள் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. முதல் இரண்டு மூன்று நாள்தான் ஆபத்தான காலம். அதனால்தான் பழைய பானத்தில் கொஞ்சம் எடுத்துப் புதியதில் ஊற்றச் சொல்கிறார்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். உறையோடு கிருமிகள் மட்டுமல்ல, புளிப்பும் முதல் நாளே உள்ளே போய்விடுகிறது.

எந்தக் கருவியும் வாங்க வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்வேன். பிஎச் பட்டைத்தாள் மட்டும் விதிவிலக்கு. அதை வாங்கி வையுங்கள். நாக்கு ஏமாறும், இனிப்பு இருந்தால் புளிப்பு மறைந்துவிடும். தாள் அப்படி ஏமாறாது.

புரோபயாட்டிக் என்ற பெயர் பற்றி ஒரு வார்த்தை

புளித்ததெல்லாம் புரோபயாட்டிக் ஆகிவிடாது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2001இல் ஒரு வரையறை தந்தது. போதுமான அளவில் உட்கொண்டால் உட்கொள்பவரின் உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகள் என்பது அதன் சாரம். இதில் மூன்று நிபந்தனை இருக்கிறது: உயிரோடு இருக்க வேண்டும், போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும், நன்மை நிரூபணமாகியிருக்க வேண்டும். வீட்டு ஜாடியில் முதல் நிபந்தனை நிறைவேறிவிடும், கொதிக்க வைக்காதவரை. எந்தக் கிருமி எத்தனை கோடி என்று நமக்குத் தெரியாது. மூன்றாவதை வீட்டில் வைத்து நிரூபிக்க வழியே இல்லை. ஆகவே கறாராகச் சொன்னால் நாம் செய்வது 'உயிருள்ள நொதித்த பானம்'. பேச்சு வழக்கில் புரோபயாட்டிக் என்கிறோம், அவ்வளவுதான். அதைக் குடித்தால் இந்த நோய் போகும், அந்த நோய் போகும் என்று யாராவது பட்டியல் போட்டால் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இந்த ஆசை இன்று நேற்று வந்ததல்ல. நோய் எதிர்ப்பு பற்றிய ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு வாங்கிய எலி மெட்ச்னிகாஃப், புளித்த பாலில் இருக்கும் பாக்டீரியா முதுமையைத் தள்ளிப்போடும் என்று நம்பினார். தானும் அதை விடாமல் சாப்பிட்டுவந்தார். 71ஆம் வயதில் இறந்தார். ருசிக்காக, பதப்படுத்திய குளிர்பானத்துக்கு மாற்றாக, செய்து பார்க்கும் சந்தோஷத்துக்காகச் செய்யுங்கள். வயிற்றுக்கு நல்லது நடந்தால் லாபம்.

முதல் முயற்சிக்கு இஞ்சி

யாரிடமும் உறை கேட்டு வாங்க வேண்டாம், ஒரு வாரத்தில் பலன் தெரிந்துவிடும். அதனால் புதியவர்களுக்கு இஞ்சியைத்தான் கைகாட்டுவேன். இஞ்சியின் தோலிலேயே ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் ஒட்டியிருக்கின்றன. அவற்றைத் தட்டியெழுப்பி ஆள் சேர்ப்பதுதான் முதல் கட்டம்.

அரை லிட்டர் கொள்ளும் கண்ணாடி ஜாடி ஒன்றைச் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவிக்கொள்ளுங்கள். சோப்பு வாசனை துளியும் இருக்கக் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீர் 250 மி.லி., தோலோடு துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றச் சொல்வது குளோரினைப் போக்குவதற்கு. கிருமியைக் கொல்லத்தானே தண்ணீரில் குளோரின் கலக்கிறார்கள், அது நம் ஆட்களையும் சேர்த்துத்தான் பதம் பார்க்கும். எலுமிச்சைச் சாறு முன்பு சொன்ன காவலுக்கு. நன்றாகக் கலக்கி, வாயில் துணியால் வேடு கட்டி, வெயில் நேராக விழாத இடத்தில் வைத்துவிடுங்கள். தினமும் ஒரு மேசைக்கரண்டி இஞ்சியும் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் போட்டுக் கலக்க வேண்டும். முடிந்தால் காலையும் மாலையும் கரண்டி விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மேலே மிதக்கும் இஞ்சித் துருவல் காய்ந்து கிடந்தால் பூஞ்சணம் பிடிக்க அது போதும்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்காது. நடக்காதது போல இருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் ஜாடியின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவில் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கலக்கினால் சோடாவைத் திறந்தது போல மெல்லிய இரைச்சல் கேட்கும். காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள், முதல் தடவை கேட்கும்போது ஒரு குஷி வரும். ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் துருவல் எல்லாம் மேலே எழும்பி நுரை கட்டியிருக்கும், வாசனையில் இஞ்சிக் காரத்தோடு ரொட்டி மாவின் சாயலும் சேர்ந்திருக்கும். சர்க்கரை போட்ட சில மணி நேரத்தில் நுரை பொங்குகிறதா? உறை தயார். 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய அறையில் இந்தக் கணக்கு. குளிர்ந்த வீட்டில் இன்னும் நாலு நாள் கூடும்.

எட்டு நாளாகியும் அசைவே இல்லையென்றால் குற்றம் உங்கள் மேல் இல்லை, அநேகமாக இஞ்சி மேல்தான். நீண்ட நாள் கெடாமலிருக்கவும் முளைவிடாமலிருக்கவும் சில இடங்களில் இஞ்சிக்குக் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். அப்போது தோலில் இருக்கும் ஈஸ்ட்டும் சேர்ந்து அடங்கிவிடும். வேறு கடையில் வேறு இஞ்சி வாங்கி மறுபடி தொடங்குங்கள்.

உறை தயாரானதும் பானம் செய்வது சுலபம். ஒரு லிட்டர் கணக்கு சொல்கிறேன். 40 கிராம் இஞ்சியை நசுக்கி, 70 கிராம் சர்க்கரையோடு 400 மி.லி. தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். வடிகட்டி, குளிர்ந்த தண்ணீர் சேர்த்து 850 மி.லி. ஆக்குங்கள். நன்றாக ஆறட்டும். பாத்திரத்தின் அடியைத் தொட்டால் சூடே தெரியக் கூடாது. அவசரப்பட்டுச் சூட்டோடு உறையை ஊற்றினால் ஒரு வார உழைப்பை ஒரு நொடியில் அவித்துவிடுவீர்கள். ஆறிய பிறகு இரண்டு எலுமிச்சைச் சாறும், வடிகட்டிய உறை 80 மி.லி.யும் சேர்த்துக் கலக்கி பாட்டிலில் ஊற்ற வேண்டும். கழுத்தில் மூன்று விரல் இடைவெளி விடுங்கள். கொதிக்க வைத்தால் இஞ்சியில் இருக்கும் கிருமி செத்துவிடாதா என்று கேட்கலாம். சாகும், சாகட்டும். இந்த இஞ்சி மணத்துக்கும் காரத்துக்கும் மட்டும். உயிர் முழுக்க உறையிலிருந்து வருகிறது.

பாட்டில்: இங்கேதான் கவனம்

ஒரு கோடையில் மூன்று பாட்டில் நிரப்பி அலமாரியில் வைத்துவிட்டு நாலு நாள் மறந்துபோனேன். இரவு இரண்டு மணிக்குச் சமையலறையில் வெடிச்சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் எதிர்ச்சுவர் வரை கண்ணாடித் துண்டுகள், தரையெல்லாம் பிசுபிசுப்பு. யாரும் அங்கே நின்றிருக்கவில்லை என்பது அதிர்ஷ்டம். வெடித்தது அழகுக்காக வாங்கிய சதுர பாட்டில். மிச்சம் இரண்டும் சோடா தாங்குவதற்கென்றே செய்த, தடித்த, உருண்டையான கம்பி மூடி பாட்டில்கள். அவை பிழைத்துக்கொண்டன. தட்டையான பக்கங்கள் உள்ளழுத்தத்தை ஒரே சீராகத் தாங்காது, மூலைகளில்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். இரண்டையும் தடித்த துண்டில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் மாலை நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் திறந்தேன்.

ஏன் வெடிக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். ஈஸ்ட் 4 கிராம் சர்க்கரையைத் தின்றால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு வெளிவரும். நன்றாகச் சுர்ரென்று இருக்கும் குளிர்பானத்தில், ஒரு லிட்டர் பானத்துக்கு மூன்று முதல் நாலு லிட்டர் வாயு கரைந்திருக்கும். அதற்கு 12 முதல் 16 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் போதும். நாம் போட்டது 70 கிராம். அத்தனையும் மூடிய பாட்டிலுக்குள் தின்று தீர்க்க விட்டால் 17 லிட்டர் வாயு. எந்தக் கண்ணாடி தாங்கும்?

இதற்கு நான் கண்ட எளிய வழி, ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டிலை மட்டும் பிளாஸ்டிக்கில் நிரப்புவது. சோடா வந்த காலி பாட்டில் போதும். அதுதான் மற்றவற்றுக்குச் சாட்சி. காலையும் மாலையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். முதலில் குழையும். கல் மாதிரி இறுகி, அமுக்கினால் உள்ளே போகாத நிலை வந்ததும் எல்லா பாட்டிலையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். வெப்பமான நாளில் ஒரே நாளில் வந்துவிடும், குளிரில் மூன்று நாள் ஆகலாம். செய்முறையில் இருக்கும் நாள் கணக்கைவிட இந்தச் சாட்சியை நம்புங்கள். ஃபிரிட்ஜ் வேலையை மந்தமாக்கும், நிறுத்தாது. ஆகவே ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. திறக்கும்போது குளிர்ந்திருக்க வேண்டும், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் பிடித்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகத் திறக்க வேண்டும்.

அதே கணக்கின் மறுபாதியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் வாயு விடும்போதெல்லாம் கூடவே ஆல்கஹாலும் விடுகிறது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரையைத் தின்றால் ஏறக்குறைய கால் சதவீதம் ஆல்கஹால். நல்ல நுரை வந்த இஞ்சி சோடாவில் முக்கால் முதல் ஒரு சதவீதம் வரை இருக்கலாம். ஃபிரிட்ஜில் வைக்காமல் விட்டால் இன்னும் ஏறும். 0.5 சதவீதத்தைத் தொட்டாலே அமெரிக்காவில் அது மதுபானக் கணக்கில் வந்துவிடும். போதை ஏறும் அளவில்லைதான். ஆனாலும் குழந்தைக்குக் கொடுப்பவர்கள், மத நம்பிக்கையாலோ சிகிச்சையாலோ ஆல்கஹாலை அறவே விலக்கியவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். 'இயற்கையானது, அதெல்லாம் இருக்காது' என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

கொம்புச்சா: பொறுமை உள்ளவர்களுக்கு

இனிப்புத் தேநீரைப் புளிக்க வைத்தால் கொம்புச்சா. இதற்கு உறை வெளியிலிருந்துதான் வர வேண்டும். செய்கிற நண்பர் யாராவது இருந்தால் கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் வாசனை எதுவும் சேர்க்காத, சூடாக்கிப் பதப்படுத்தாத கொம்புச்சா பாட்டில் ஒன்று வாங்கி அதையே உறையாக ஊற்றலாம்.

ஒரு லிட்டருக்கு: தண்ணீர் 850 மி.லி., தேயிலை 6 முதல் 8 கிராம், சர்க்கரை 80 கிராம், உறை 150 மி.லி. கொதிநீரில் தேயிலையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டி, சர்க்கரையைக் கரைத்து, முழுக்க ஆறிய பிறகு உறையை ஊற்றுங்கள். கறுப்புத் தேயிலையோ பச்சைத் தேயிலையோ சரிதான். வாசனை எண்ணெய் கலந்த தேயிலை மட்டும் வேண்டாம். கலந்ததும் பட்டைத்தாளை நனைத்துப் பாருங்கள். 4.5க்கு மேலே காட்டினால் இன்னும் கொஞ்சம் உறை ஊற்றுங்கள். அகன்ற வாய் ஜாடியில் ஊற்றி, நெருக்கமாக நெய்த துணியால் வேடு கட்டி, ரப்பர் பட்டை போட்டு இறுக்கிவிடுங்கள். சல்லடைத் துணி போதாது. இந்தப் புளிப்பு வாசனைக்குப் பழ ஈக்கள் எங்கிருந்தாலும் வந்து சேரும், அதன் கண்ணி வழியாக உள்ளே போய் முட்டையிட்டுவிடும்.

இனி உள்ளே நடப்பது ஒரு கைமாற்று ஓட்டம். ஈஸ்ட் முதலில் சர்க்கரையைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கும். அதைத் தின்று ஆல்கஹால் ஆக்கும். அசிட்டிக் பாக்டீரியா அந்த ஆல்கஹாலை வாங்கி, மேலே இருக்கும் காற்றைக் கொண்டு அசிட்டிக் அமிலமாக்கும். குளுக்கோஸிலிருந்து குளுக்கோனிக் அமிலத்தையும் உண்டாக்கும். வினிகரைப் போல மூக்கில் ஏறாமல் கொம்புச்சாவின் புளிப்பு கொஞ்சம் மென்மையாக இருப்பதற்கு இந்த இரண்டாவது அமிலமும் ஒரு காரணம்.

மூன்று நாலு நாளில் மேற்பரப்பில் ஆறிய பாலின் ஆடை மாதிரி ஒன்று படரும். முதலில் கண்ணாடி போல இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே ஜாடியைப் பிடித்தால்தான் தெரியும். பிறகு வெளுத்துத் தடிக்கும். அடியில் வாயு சேர்ந்து அங்கங்கே உப்பும். கீழே பழுப்பு நிறத்தில் நூல் நூலாக ஏதோ தொங்கும். கெட்டுவிட்டதென்று பயந்து கொட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கொட்டுகிறார்கள். தொங்குவது ஈஸ்ட் கூட்டம். ஆடை என்பது பாக்டீரியா பின்னிய செல்லுலோஸ், பருத்தி நூலில் இருக்கிறதே அதே பொருள். இந்த ஆடையைத்தான் ஸ்கோபி என்றும் 'தாய்' என்றும் சொல்லி விலை வைத்து விற்கிறார்கள். என் அபிப்பிராயம், அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கிருமிகள் அந்தத் தட்டில் மட்டுமில்லை, திரவம் முழுக்க இருக்கின்றன. நல்ல புளித்த உறை 150 மி.லி. இருந்தால் ஆடை தானே வரும்.

ஆறாம் நாளிலிருந்து தினமும் ருசி பாருங்கள். ஆடையின் ஓரத்தில் ஒரு உறிஞ்சுகுழலைச் செருகி, மேல்முனையை விரலால் மூடி எடுத்தால் கொஞ்சம் வரும். இனிப்பும் புளிப்பும் சரிசமமாக வரும் நாள் உங்கள் நாள். பொதுவாக ஏழிலிருந்து பத்து நாள், குளிர் காலத்தில் இரண்டு வாரம். அடுத்த தடவைக்கு 150 மி.லி. எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கலாம். நுரை வேண்டுமென்றால் கொஞ்சம் பழச்சாறு சேர்த்துப் பாட்டிலில் அடைக்கலாம். அப்போது மேலே சொன்ன சாட்சி பாட்டில் விதியெல்லாம் இதற்கும் பொருந்தும். ஒன்று கவனித்தீர்களா? மூடிய பாட்டிலில் காற்றில்லை, ஆகவே அசிட்டிக் பாக்டீரியா கைகட்டி நிற்கும், ஈஸ்ட் மட்டும் ஓடும். ஆல்கஹால் ஏறுவது முக்கியமாக இந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

பாத்திரம் கண்ணாடியாகவே இருக்கட்டும். அலுமினியம், செம்பு, பித்தளை எல்லாவற்றையும் இந்த அமிலம் அரித்துவிடும். மெருகு பூசிய பீங்கான் ஜாடி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மெருகில் ஈயம் இருந்தால் அது பானத்தில் இறங்கும். பீங்கான் பானையில் ஊறிய கொம்புச்சாவைக் குடித்து ஈய நச்சு ஏறிய சம்பவம் 1998இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

கெஃபிர் இரண்டு

பால் கெஃபிர்தான் இருப்பதிலேயே சோம்பேறிகளுக்கு ஏற்றது. பூக்கோசின் சிறு பூக்கள் போல வெள்ளையாக, ரப்பர் மாதிரி இருக்கும் கெஃபிர் மணிகளை ஒரு மேசைக்கரண்டி எடுத்து அரை லிட்டர் பாலில் போட்டு, மூடி, 20 முதல் 25 டிகிரியில் ஒரு நாள் விட்டால் முடிந்தது. வடிகட்டிக் குடிக்க வேண்டும், மணிகளை அடுத்த பாலில் போட வேண்டும். லாக்டிக் பாக்டீரியா வகைகளின் எண்ணிக்கையில் இதற்குப் பக்கத்தில் கொம்புச்சா நிற்காது. மணிகள் வாரத்துக்கு வாரம் வளர்ந்துகொண்டே போகும். கொஞ்ச நாளில் யாருக்குக் கொடுப்பது என்று தேட ஆரம்பிப்பீர்கள்.

தண்ணீர் கெஃபிருக்கு வேறு மணிகள். உடைத்த கண்ணாடி போல ஒளி ஊடுருவும். லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் சர்க்கரை, மூன்று நாலு மேசைக்கரண்டி மணி, ஒன்று அல்லது இரண்டு நாள். வெறும் வெள்ளைச் சர்க்கரையில் மணிகள் நாளடைவில் மெலியும். உலர்திராட்சை நாலைந்து போட்டால் தாது கிடைத்துத் தேறும். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் இதுபோன்ற மணி ஒன்றை, அந்தக் கால இஞ்சி பியர் செய்யப் பயன்பட்டதை, ஹாரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் 1892இலேயே பிரித்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

கெட்டதா, நல்லதா?

பூஞ்சணம் எப்போதும் மேற்பரப்பில், காற்று படும் இடத்தில் வரும். உலர்ந்து, பஞ்சு போல மயிர்விட்டு, பச்சை, கறுப்பு, நீலம் அல்லது வெள்ளை நிறத்தில் வட்டமாக இருக்கும். அதைப் பார்த்தால் கேள்வியே இல்லை, ஜாடியோடு கொட்டுங்கள், உறையும் போகட்டும். மேலோடு வழித்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மெல்லிய, வெள்ளையான, சுருக்கம் விழுந்த படலம் வேறு. அது ஒரு வகை ஈஸ்ட். ஆபத்தில்லை, ஆனால் ருசியைக் கெடுக்கும். வினிகர் நெடி அடித்தால் நாள் அதிகமாகிவிட்டது என்று பொருள், கெடவில்லை. அதை உறைக்கு வைத்துக்கொள்ளலாம். அழுகிய முட்டை வாடை லேசாக வந்தால் ஈஸ்ட்டுக்குச் சத்துப் போதவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் புதியவர்கள் அந்த ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம். மூக்கு வேண்டாம் என்று சொன்னால் கேளுங்கள்.

முதல் நாளே பெரிய டம்ளரில் ஊற்றிக் குடிக்காதீர்கள். பழகாத வயிறு உப்பும், கடமுடா என்று சத்தம் போடும். 100 மி.லி.யில் தொடங்கி ஒரு வாரம் பார்த்துக் கூட்டலாம். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், அதைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், கல்லீரலிலோ சிறுநீரகத்திலோ கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கைக்குழந்தைக்கு அறவே கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கிருமிகள் எல்லாச் சர்க்கரையையும் தின்றுவிடுவதில்லை. புளிப்பு நாக்கில் மறைத்தாலும் பாதிக்கு மேல் உள்ளே அப்படியே இருக்கலாம்.

ஊருக்குப் போகும்போது ஜாடிகளை என்ன செய்வது என்று எல்லாரும் கடைசியில் கேட்பார்கள். இஞ்சி உறையை மூடி ஃபிரிட்ஜில் வைத்து வாரத்துக்கு ஒரு மேசைக்கரண்டி இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை போட்டால் போதும். திரும்ப வந்ததும் வெளியே எடுத்து இரண்டு நாள் ஊட்டினால் எழுந்துவிடும். கெஃபிர் மணிகளைப் புதுப் பாலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். கொம்புச்சாவுக்கு எதுவுமே செய்ய வேண்டாம். அதை ஃபிரிட்ஜில்கூட வைக்காமல், துணி கட்டியபடி அப்படியே விட்டுவிட்டுப் போங்கள். ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தால் விரல் தடிமனில் ஆடை படர்ந்திருக்கும், அடியில் இருப்பது வாயில் வைக்க முடியாத புளிப்பாக இருக்கும். அடுத்த ஜாடிக்கு அதைவிட நல்ல உறை கிடையாது.